ரெண்டர் போச்சு: கடிதம் எழுதுவதா, ஆர்ரிஐ போடுவதா, கோட்டுக்குப் போவதா?

போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணி தாண்டி கொடிகாமத்திலிருந்து ஒரு கோல். பத்துப் பன்னிரண்டு வருடப் பழக்கம் உள்ள ஒரு கொந்தராத்துக்காரர். எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, ரெண்டர் போச்சு. என்ர விலைதான் குறைய. கோட்டுக்குப் போவமோ?" என்றார். மாகாணத் திணைக்களம் ஒன்று விலைமனுக் கோரிய வேலை, ஒரு வாய்க்காலும் இரண்டு மதகும். பெட்டி திறந்த அன்று ஐந்து பேரின் விலையையும் சத்தமாக வாசித்தார்கள், அதில் இவருடையதுதான் குறைந்தது, அதை அவர் தன்னுடைய டயரியில் சிவப்பு மையால் எழுதி வட்டமும் போட்டிருக்கிறார். இப்போது பதிவுத் தபாலில் நாலு வரிக் கடிதம் வந்திருக்கிறது: உங்கள் விலைமனு தெரிவுசெய்யப்படவில்லை, பங்குபற்றியமைக்கு நன்றி.

நான் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கடிதம் எப்ப கிடைச்சது அண்ணை, உறையை வச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன். உறையை எறிந்துவிட்டாராம். பின்னால் மனைவியின் குரல், பிறகு குப்பைக் கூடையைக் கிளறும் சத்தம், பிறகு "இருக்குது, இருக்குது, தேத்தண்ணி ஊத்துப்பட்டிருக்குது, ஆனா திகதி விளங்குது."

நான் சட்டத்தரணி இல்லை. கொந்தராத்துக்காரர்களுக்குக் கேள்விப்பத்திரம் (ரெண்டர் பத்திரம்) நிரப்பிக் கொடுப்பது, விலைப்பகுப்பாய்வு போடுவது, பில் எழுதுவது, இதுதான் தொழில். ஆனால் ரெண்டர் கைவிட்டுப் போனதும் ஆட்கள் முதலில் கூப்பிடுவது என்னைத்தான், அதனால் இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் பின்னால் நடந்து பார்த்திருக்கிறேன். எது எதற்கு உதவும், எது காலை வாரும் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அடுத்த கோல் வரும்போது இதை அனுப்பிவிடலாம்.

வழிகளை ஒப்பிட முன்னர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டும். இந்த வேலை திரும்பக் கைக்கு வர வேண்டுமா, ஏன் தரவில்லை என்ற காரணம் வேண்டுமா, அடுத்த முறை இப்படி நடக்காமல் இருக்க வேண்டுமா, இல்லை உள்ளே காசு கைமாறியிருக்கிறது, அந்த ஆளைப் பிடிக்க வேண்டுமா. நாலுக்கும் நாலு வெவ்வேறு கதவு. வேலை வேண்டும் என்பவர் இலஞ்ச ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதிவிட்டு இருந்தால், விசாரணை தொடங்க முதலே மற்றவன் மதகைக் கட்டி முடித்து பெயின்ரும் அடித்திருப்பான்.

இன்னொன்று, இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. உங்கள் சொந்தப் பத்திரத்தை முதலில் எடுத்து வாசியுங்கள். நான் பார்த்த முறைப்பாடுகளில் பாதியளவில் பிழை எங்கள் பக்கம்தான் இருந்தது. திறந்த அன்று வாசிப்பது நீங்கள் எழுதிய மொத்த விலை மட்டுமே. வேலை போவது வாசித்த விலை குறைந்தவருக்கு அல்ல, கணக்குத் திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு, நிபந்தனைகளுக்கு அமைந்த விலைமனுக்களுக்குள் மதிப்பிடப்பட்ட விலை எவருடையது குறைகிறதோ அவருக்கு. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மலையே இருக்கலாம்.

உதாரணத்துக்கு, போன வருடம் ஒருவர் கொண்டுவந்த பிஓகியூ, அதாவது வேலையின் அளவும் விலையும் எழுதும் பட்டியல். கொங்கிறீற் 42 கனமீற்றர், அலகு விலை 38,500 ரூபாய். பெருக்கினால் 16,17,000. அவருடைய மகன் ரைப் பண்ணும்போது 11,67,000 என்று அடித்திருக்கிறான், ஆறும் ஒன்றும் இடம் மாறிவிட்டது. கூட்டுத்தொகையும் அந்தப் பிழையான இலக்கத்தோடுதான் போயிருக்கிறது. அலகு விலைக்கும் தொகைக்கும் முரண் வந்தால் அலகு விலைதான் செல்லும் என்பது வழக்கமான விதி, ஆகவே மதிப்பீட்டில் நாலரை இலட்சம் ஏறியது, முதலாவதாக நின்றவர் மூன்றாவது ஆனார். அவர் ஊரெல்லாம் "எனக்கு அநியாயம் செய்துபோட்டாங்கள்" என்று சொல்லித் திரிந்தார். அநியாயம் செய்தது விசைப்பலகை. இதிலே இன்னொரு ஆபத்து, திருத்தத்தை ஏற்க மாட்டேன் என்று மறுத்தால் விலைமனு தள்ளுபடி ஆவது மட்டுமல்ல, விலைமனுவோடு உத்தரவாதமாக வைத்த பிணைமுறியும் பறிபோகலாம்.

அப்படியே மற்றவற்றையும் பாருங்கள். பிணைமுறியின் செல்லுபடிக் காலம் கேட்ட நாளுக்கு ஒரு நாள் குறைந்தாலும் வெளியே. கொந்தராத்துக்காரருக்குத் தரம் கொடுக்கும் அதிகார சபையான சீடாவின் தரப் பதிவு காலாவதியா? ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் எடுக்கும் பிசிஏ 3 பத்திரம் வைத்தீர்களா? விலைமனுப் படிவத்தில் கையொப்பம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், கையொப்பம் போடாத படிவம் கண்டிருக்கிறேன், ஒவ்வொரு பக்கத்திலும் சீல் குத்திவிட்டு முக்கியமான இடத்தில் வெறுமையாக விட்டிருந்தார்.

சரி, உங்கள் பத்திரம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம்.

எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் போகும் வழி ஆள் பிடிப்பது. எம்பியின் செயலாளர், அந்தத் திணைக்களத்தில் வேலை செய்யும் ஒன்றுவிட்ட தம்பி, கோயில் நிர்வாகத்தில் பக்கத்தில் இருக்கும் இஞ்சினியர். இதை நான் ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். மதிப்பீடு நடக்கும் காலத்தில் மதிப்பீட்டுக் குழுவில் உள்ளவர்களோடு தொடர்புகொண்டு முடிவை மாற்றப் பார்த்தால் அதையே காரணமாக வைத்து உங்கள் விலைமனுவைத் தள்ளலாம், அப்படித்தான் கேள்விப்பத்திரத்தில் எழுதியிருக்கிறது. அதைவிட மோசமானது, "பொறு, நான் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்று சொல்பவர் அடுத்த திங்கள்தான் கதைப்பார், அதற்குள் முறையீட்டுக்கான நாட்கள் ஓடிவிடும். முறையீட்டு நாளைத் தவறவிட்ட எல்லோரிடமும் நான் கேட்டிருக்கிறேன், அந்தக் கிழமை எங்கே போனது என்று. யாரோ ஒருவரின் வரவேற்பறையில் போயிருக்கும்.

அடுத்தது காரணம் கேட்டுக் கடிதம். இதை ஆட்கள் சின்ன விடயமாக நினைக்கிறார்கள், என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் மலிவானதும் பலமானதும். தோற்றவருக்கு ஏன் தோற்றார் என்று விளக்கம் கேட்க இடமுண்டு. செலவு ஒரு கடதாசியும் பஸ் காசும். ஆனால் எழுதும் விதத்தில் இருக்கிறது. "மிகுந்த மனவேதனையுடன் அறியத்தருவது யாதெனில்" என்று இரண்டு பக்கம் எழுதினால் பதிலும் அதே மாதிரி இரண்டு வரியில் வழவழவென்று வரும். மூன்று கேள்வி போதும்: ஒன்று, என் விலைமனு எந்த நிபந்தனைக்கு அமையவில்லை, அது கேள்விப்பத்திரத்தின் எந்தப் பிரிவு இலக்கம்; இரண்டு, கணக்குத் திருத்தத்துக்குப் பின் என் விலை எவ்வளவு; மூன்று, என்னிடம் விளக்கம் கேட்கக்கூடிய குறையா, கேட்க முடியாத குறையா, கேட்க முடியாதது என்றால் ஏன். தமிழில் எழுதுங்கள், வடக்கில் நிருவாக மொழி தமிழ்தான், கேள்விப்பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பிரிவு இலக்கம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். தபாலில் போடாமல் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத கடிதம் பிறகு எந்த இடத்திலும் நிற்காது.

மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விலையையோ வேலையின் தன்மையையோ மாற்றாத சின்னக் குறைகளுக்குக் குழு விளக்கம் கேட்கலாம், உதாரணமாக இணைத்த சான்றிதழின் பிரதி தெளிவில்லை என்றால். பெரிய விலகல் என்றால் கேட்க முடியாது, தள்ள வேண்டியதுதான். சண்டை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையில்தான் நடக்கிறது. ஒரே மாதிரியான குறைக்கு ஒருவரிடம் விளக்கம் கேட்டுவிட்டு மற்றவரைக் கேளாமலே தள்ளினால், அங்கேதான் உங்களுக்கு வழக்கு இருக்கிறது. "என் விலை குறைவு" என்பது வழக்கு அல்ல.

இந்த வழியின் குறை என்ன? உங்கள் விலைமனுவைப் பற்றி மட்டும் சொல்வார்கள், மற்றவனுடையதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அதோடு கடிதம் எழுதியதால் அவர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பம் இடுவது தானாக நின்றுவிடாது.

நிறுத்த வேண்டும் என்றால் முறையீடு. இங்கேதான் குழப்பம் அதிகம், ஏனென்றால் முறையீடு எங்கே போகும் என்பது எந்த மட்டத்துப் பெறுகைக் குழு, அதாவது அரச கொள்வனவு முடிவுகளை எடுக்கும் குழு, தீர்மானித்தது என்பதைப் பொறுத்தது. அமைச்சரவை நியமித்த குழு தீர்மானித்த பெரிய வேலைகளுக்கு 2006 வழிகாட்டல்கள் ஜனாதிபதி செயலகத்தில் ஒரு முறையீட்டுச் சபையைக் காட்டின, அறிவித்த நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் போக வேண்டும். எங்கள் வாய்க்கால், மதகு, பள்ளிக்கூடக் கூரை எல்லாம் அந்தப் படிக்கட்டில் ஏறுவதே இல்லை, அவை அமைச்சு, திணைக்கள, பிராந்திய மட்டக் குழுக்களோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு விதிகளும் மாறிவிட்டன. தேசிய பெறுகை ஆணைக்குழுவை 2015இல் 19ஆவது திருத்தம் கொண்டுவந்தது, 2020இல் 20ஆவது திருத்தம் எடுத்துவிட்டது, 2022இல் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது, அந்த ஆணைக்குழு வெளியிட்ட புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய 2006 புத்தகத்தின் போட்டோப் பிரதியை இன்னும் மேசையில் வைத்துக்கொண்டு கதைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை நம்பி நாளைக் கணக்குப் பார்க்காதீர்கள். உங்கள் கேள்விப்பத்திரத்தில் விலைமனுதாரருக்கான அறிவுறுத்தல் பகுதியையும், வந்த கடிதத்தையும் பாருங்கள், யாருக்கு எத்தனை நாளுக்குள் என்பதை அங்கிருந்து எடுங்கள். எப்படியும் நாட்கணக்குத்தான், மாதக்கணக்கு இல்லை.

முறையீட்டின் நல்லது, ஒப்பந்தம் கையொப்பமாக முன்னர் முடிவை மாற்றக்கூடிய, வழக்குச் செலவில்லாத ஒரே இடம் இது. கெட்டது, முடிவெடுத்தவர்களின் அதே மாடியில், அல்லது ஒரு மாடி மேலே, அதே கன்ரீனில் தேத்தண்ணி குடிப்பவர்கள்தான் கேட்கப் போகிறார்கள். அதற்காகக் கைவிட வேண்டாம். பிறகு கோட்டுக்குப் போனால் "இருந்த வழியைப் பயன்படுத்தினாயா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

உலக வங்கிக் காசில் நடக்கும் வேலை என்றால் கதை வேறு, அது கொஞ்சம் நல்ல கதை. நிறுத்திவைப்புக் காலம் பொருந்தும் பெறுகைகளில், தெரிவை அறிவித்த பின் 10 வேலைநாள் வரை ஒப்பந்தம் செய்ய முடியாது, தோற்றவர் 3 வேலைநாளுக்குள் விளக்கம் கேட்கலாம். மூன்று என்றால் மூன்றுதான், வெள்ளிக்கிழமை கடிதம் வந்தால் புதன்கிழமைக்குள் உங்கள் கடிதம் அங்கே இருக்க வேண்டும்.

இனி ஆர்ரிஐ. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில். எனக்கு மிகவும் பிடித்த ஆயுதம், ஆனால் இதை ஆட்கள் தப்பான வேலைக்குத் தூக்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். தகவல் அலுவலர் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க 14 வேலைநாள். தருவதாகச் சொன்னால் அதற்குப் பிறகு இன்னும் 14 நாள், தேவைப்பட்டால் மேலும் 21 நாள் நீட்டலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஆக, இந்த வழியால் ஒப்பந்தம் ஒன்றைத் தடுத்து நிறுத்துவது நடவாத காரியம். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது.

என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் தென்மராட்சிப் பக்கம் ஒரு மதகு வேலை, ஒரு உள்ளூராட்சி மன்றம் கூப்பிட்டது, நான் பத்திரம் நிரப்பிக் கொடுத்தவருக்கு வேலை கிடைக்கவில்லை. காரணம், "இதையொத்த வேலை அனுபவம் போதாது". அவர் கொடுத்தது வாய்க்கால் வேலையின் முடிவுச் சான்றிதழ், அவர்கள் கேட்டது மதகு. எனக்கும் முதலில் சரி என்றுதான் பட்டது, வாய்க்காலும் மதகும் ஒன்றல்லத்தானே. இருந்தாலும் ஆர்ரிஐ போட்டோம். நாங்கள் கேட்டது மூன்றே மூன்று: திறந்த அன்றைய பதிவேடு, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, பெறுகைக் குழுக் கூட்டக் குறிப்பு. "அந்த ரெண்டர் சம்பந்தமான சகல ஆவணங்களும்" என்று கேட்டிருந்தால் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

மறுத்தார்கள். மற்றவர்களின் வர்த்தக இரகசியமாம். சட்டத்தின் 5ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை, ஆனால் பொதுநலன் மேலோங்கினால் அந்த விலக்கு நிற்காது, அதோடு எல்லோருக்கும் முன்னால் சத்தமாக வாசித்த விலையில் என்ன இரகசியம் இருக்கிறது? மேன்முறையீட்டில் அறிக்கை வந்தது, மற்றவர்களின் அலகு விலைகளைக் கறுப்பு மையால் அழித்துவிட்டு. நாங்கள் தேடியது அதை அல்லவே. மூன்றாம் பக்கத்தில் ஒரு அட்டவணை, ஐந்து நிரல், ஒவ்வொரு விலைமனுதாரருக்கும் ஒவ்வொரு நிபந்தனைக்கு நேரே ஆம், இல்லை. எங்களுடைய நிரலில் அனுபவத்துக்கு நேரே "இல்லை: வாய்க்கால் வேலை". வென்றவருடைய நிரலில் அதே இடத்தில் "ஆம்: வடிகால் வேலை". அவ்வளவுதான். வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்குள் மதகு கட்டி முடிந்து, மழைக்கு ஒரு பக்கம் மண்ணும் அரித்திருந்தது. நாங்கள் கோட்டுக்குப் போகவில்லை. அந்த அட்டவணையின் பிரதியை வைத்துத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் கணக்காய்வுக்கு ஒரு கடிதமும் எழுதினோம். அடுத்த வருடம் அதே மன்றம் கூப்பிட்ட ரெண்டரில், ஒத்த வேலை என்றால் என்ன என்று அரைப் பக்கத்துக்கு விளக்கம் இருந்தது. எங்கள் கடிதத்தால்தானா தெரியாது. ஆனால் அந்த அரைப் பக்கத்தை நான் வெட்டி வைத்திருக்கிறேன்.

ஆர்ரிஐ பற்றி ஒரு சின்னக் குறிப்பு: கேட்கும் உரிமை பிரசைக்குத்தான், கம்பனியின் பெயரில் கேட்பதென்றால் உறுப்பினரில் நாலில் மூன்று பங்காவது இலங்கைப் பிரசைகளாக இருக்க வேண்டும். குழப்பமே வேண்டாம் என்றால் உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கவுண்டரில் கேட்டாலும் சிரித்துவிட்டு நில்லுங்கள்.

கணக்காய்வைப் பற்றிச் சொன்னேன். தேசிய கணக்காய்வு அலுவலகம் உங்களுக்காக வழக்காடாது, வேலையைத் திருப்பித் தராது, பதில் எழுதுவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அவர்களின் கை முன்னரைவிட நீளம், அரச அலுவலகத்தில் ஓடிட் குவெரி என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை எங்கள் ஒருவருடைய கடிதத்துக்கும் இல்லை. ஆதாரத்தோடு ஒரு பக்கம் எழுதிப் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டியதுதான்.

இலஞ்ச ஆணைக்குழு அப்படி அல்ல. 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தால் எடுப்பார்கள், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் முறைப்பாடு செய்பவருக்குப் பாதுகாப்பும் தருகிறது. ஆனால் தெரிந்துகொண்டு பொய்யாகச் சொன்னால் அதுவும் அதே சட்டத்தில் குற்றம். காசு கொடுத்ததை, அல்லது விலைமனுவைத் திரும்ப எடுக்கச் சொல்லி யாராவது பேரம் பேசியதை நீங்கள் நேரே கண்டால், கேட்டால், தாமதிக்காமல் போங்கள். "அவன் கட்டாயம் குடுத்திருப்பான்" என்பதோடு மட்டும் போகாதீர்கள். பிழையான மதிப்பீடு எல்லாம் இலஞ்சம் அல்ல, பல இடங்களில் அது சோம்பேறித்தனம், சில இடங்களில் போன வருட அறிக்கையின் மேலேயே இந்த வருடப் பெயரை அடித்துவிடுவது.

இப்போது கோடு. எல்லோரும் ஒரே சொல்லில் "கோடு" என்கிறார்கள், உள்ளே மூன்று வாசல் இருக்கிறது. மாகாண அதிகாரத்துக்கு உட்பட்ட அமைப்பு, பிரதேச சபை, மாநகர சபை போன்றவை எடுத்த முடிவு என்றால் எழுத்தாணை மனுவோடு (அந்த முடிவை இரத்துச் செய்யக் கேட்கும் மனு) இங்கேயே மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், யாழ்ப்பாணத்தை விட்டு நகரத் தேவையில்லை. மத்திய அரசின் திணைக்களம், அதிகார சபை என்றால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம். மூன்றாவது, சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு, இது எந்த மட்டத்து அரச நிருவாகச் செயலுக்கும் பொருந்தும், ஆனால் ஒரு மாதத்துக்குள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரிக் கொள்வனவைத் தோற்ற நிறுவனம் ஒன்று 2015இல் இந்த வாசலால்தான் கொண்டுபோனது, 2016இல் வந்த தீர்ப்பு அந்தப் பெறுகை நடந்த விதத்தைக் கடுமையாகச் சாடியது. ஆனால் அது நிலக்கரி, கப்பல் கணக்கில். எங்களுடையது இரண்டு மதகு.

எழுத்தாணைக்கு இத்தனை நாள் என்று கட்டவில்லை, அதனால் ஆறுதலாகப் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சுணங்கி வந்தவனை நீதிமன்றம் விரும்பாது, சுணக்கமே மனுவைத் தள்ளப் போதுமான காரணம். இன்னும் ஒரு விடயம், நீதிபதி உட்கார்ந்து பிஓகியூவைத் திரும்பக் கூட்டிப் பார்க்க மாட்டார். முடிவு சட்டப்படியா, நியாயமான நடைமுறைப்படியா, எந்த அறிவுள்ளவனும் எடுக்க முடியாத முடிவா என்றுதான் பார்ப்பார். வென்றாலும் முடிவு இரத்தாகும், திரும்ப மதிப்பிடச் சொல்வார்கள், உங்களிடம் வேலையைத் தூக்கிக் கொடுப்பது அரிது. நட்டஈடும் எழுத்தாணையில் வராது. ஆகவே கோட்டுக்குப் போவது என்றால் இடைக்காலத் தடை கிடைக்குமா என்பதுதான் முழுக் கேள்வியும், அது ஒப்பந்தம் கையொப்பமாக முன்னர் போனவருக்குத்தான் கிடைக்க வாய்ப்பு. கையொப்பமாகி, முற்பணமும் கொடுத்து, பக்கோ இறங்கிய பிறகு போய்த் தடை கேட்டால், பொதுமக்களின் வேலை நிற்கப் போகிறது என்ற வாதம் உங்களுக்கு எதிராக எழும்பும்.

கொழும்புக்குப் போக வசதி இல்லாதவருக்கு யாழ்ப்பாணத்திலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் ஒரு வழி. ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதத்தில் எண்ணப்படாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவு. ஆனால் முறைப்பாட்டுத் துண்டை மட்டும் காட்டினால் போதாது, உண்மையில் விசாரணை நடக்கிறது என்று காட்ட வேண்டிவரும், ஆகவே போட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியாது.

கடைசி வழி, விடுவது. இதை வெட்கமான வழியாகப் பார்க்காதீர்கள். யாழ்ப்பாணம் சின்ன இடம். இன்றைக்கு நீங்கள் முறையிடும் இஞ்சினியர்தான் நாளைக்கு உங்கள் வேலையை அளந்து பில்லில் கையொப்பம் போடப் போகிறவர், சில சமயம் பெண்ணெடுத்த வகையில் சொந்தமாகவும் இருப்பார். முறையிட்டவரைக் கறுப்புப் பட்டியலில் போட முடியாது, அது ஒப்பந்தத்தை முறித்தவர்களுக்கு உள்ளது, அதற்கும் நடைமுறை இருக்கிறது. ஆனால் பில் மேசையில் கிடந்து காய்வதற்கு நடைமுறை தேவையில்லை. இந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன்: பிரிவு இலக்கம் போட்டு மரியாதையாக மூன்று கேள்வி கேட்டவரோடு யாரும் பகைத்துக்கொள்வதில்லை, மாறாக அடுத்த முறை அவருடைய பத்திரத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கிறார்கள். பகை வருவது முகப்புத்தகத்தில் பெயர் போட்டு எழுதியவருக்குத்தான்.

இனிக் கொடிகாமத்தார். புதன் காலை அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்து பத்திரத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டினோம். கணக்குச் சரி. பிணைமுறி சரி. தரப் பதிவு சரி. அனுபவச் சான்றிதழ் இரண்டு வைத்திருக்கிறார், ஒன்று மதகு, மற்றது வாய்க்கால், ஆனால் மதகுச் சான்றிதழில் வேலை முடிந்த திகதி கேட்ட ஐந்து வருடத்துக்கு நாலு மாதம் பழசு. "இது ஒரு காரணமோ?" என்றார். காரணமாக இருக்கலாம், அப்படியானால் வென்றவருக்கும் அதே ஐந்து வருடம் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி, அதை இந்த விறாந்தையில் இருந்து கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே கோட்டை இப்போதைக்குத் தொடவில்லை. காரணம் கேட்ட கடிதமும் முறையீடும் ஒரே நாளில், பிறகு ஆர்ரிஐ விண்ணப்பம் அவருடைய மகளின் பெயரில். முறையீட்டுக்குப் பதில் வராமலே ஒப்பந்தம் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே சட்டத்தரணியிடம் போவது, மாகாணத் திணைக்களம்தானே, வழக்கு இங்கேயே. சட்டத்தரணியிடம் கொண்டுபோக வேண்டிய கட்டையும் அப்போதே கட்டி வைத்தோம்: கேள்விப்பத்திரம், விலைமனுப் பிரதி, சிவப்பு வட்டம் போட்ட டயரிப் பக்கம், தேத்தண்ணிக் கறை பட்ட உறை.

பின்னேரம் மூன்றரைக்கு, கடிதம் கொடுக்கப் போன கைதடி அலுவலகத்திலிருந்து கோல் எடுத்தார். கடிதத்தை வாங்கிவிட்டார்களாம், ஆனால் முத்திரை குத்தும் பிள்ளை லீவாம், நாளைக்கு வரச் சொல்கிறார்களாம். "அங்கேயே நில்லுங்கோ அண்ணை," என்றேன், "ஒரு ஆள் திகதி போட்டுக் கையெழுத்து வைக்குமட்டும் வெளிக்கிடாதேங்கோ." நாலு பத்துக்குத் திரும்ப எடுத்தார்.